பாரிமுனையிலிருந்து விம்கோ நகர் வரை: பி.காம். முடித்தவருக்குக் கிடைக்கும் நிதி வேலைகள், ஒரு ரிவ்யூ

சர் தியாகராயா கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரி என்று வட சென்னையில் பி.காம். முடித்து வெளியே வருகிறவர்களைத் தேடி வரும் நிதித்துறை வேலைகள் சுற்றிச் சுற்றி ஐந்தாறு வகைதான். நகைக்கடன் கிளை, வண்டிக்கடன் அல்லது மைக்ரோ பைனான்ஸ் வசூல், பாரிமுனை ஆடிட்டர் ஆபீஸ், துறைமுகத்தை ஒட்டிய கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸ், ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பேக் ஆபீஸ், அப்புறம் பேங்க் எக்ஸாம். இந்த ரிவ்யூ அவற்றைப் பற்றியது. கம்பெனிப் பெயர் எதையும் எழுதவில்லை. ஒரே கம்பெனியில் ஒரு கிளை ஒரு மாதிரியும் அடுத்த தெருக் கிளை வேறு மாதிரியும் நடக்கும்போது பெயரைப் பார்த்து மார்க் போடுவதில் அர்த்தமில்லை.

சம்பளத்துக்கு மார்க் போடுவது சுலபம். ஒர்க் கல்ச்சர் என்று வந்தால்தான் பேச்சு பிறந்தநாள் கேக், வருஷத்துக்கு ஒரு டூர், மேனேஜர் சிரித்துப் பேசுவாரா என்று போய்விடுகிறது. காசு புழங்கும் இடத்தின் குணத்தைத் தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: நஷ்டம் வந்தால் யார் பாக்கெட்டிலிருந்து போகிறது? கேஷ் குறையலாம், போலி நகை உள்ளே வரலாம், இ.எம்.ஐ. பவுன்ஸ் ஆகலாம், ரிட்டர்ன் ஒரு நாள் தள்ளிப்போகலாம். அந்தத் தொகையை யார் கணக்கில் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். கீழே எல்லா வேலையையும் இந்தக் கேள்வியை வைத்தே எடை போட்டிருக்கிறோம்.

ஆஃபர் லெட்டரில் 3 லட்சம், அக்கவுண்டில் எவ்வளவு?

ஆண்டுக்கு 3 லட்சம் சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) என்றால் வீட்டில் மாசம் 25,000 என்றுதான் சொல்வோம். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். அந்த 25,000-ல் வேரியபிள் 2,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். டார்கெட் முடித்தால்தான் அது வரும். பேசிக் 12,500 என்றால் கம்பெனி கட்ட வேண்டிய பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,500, அதையும் சி.டி.சி.க்குள்ளேயே அடக்கியிருப்பார்கள். கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று பேசிக்கில் 4.81 சதவீதம், சுமார் 600. மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. உண்டு, கம்பெனி பங்கான 3.25 சதவீதத்துக்கு இன்னொரு 640. எல்லாம் போக பே ஸ்லிப்பில் தெரியும் கிராஸ் 19,760 அளவில் நிற்கும். அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,500, ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 149, மாநகராட்சித் தொழில்வரி அரையாண்டுக்கு 1,250 என்பதால் மாதத்துக்கு 208. கடைசியில் அக்கவுண்டில் விழுவது 17,900.

பி.எஃப். உங்கள் காசுதான், எங்கும் போய்விடாது. ஈ.எஸ்.ஐ.யையும் அலட்சியமாக நினைக்க வேண்டாம்; அப்பா அம்மாவுக்கு அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் ஒரு முறை பார்த்தாலே அந்த 149 ரூபாயின் அருமை தெரியும். கிராஜுவிட்டி மட்டும் நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருஷம் முடிந்தால்தான். இந்த வேலைகளில் முக்கால்வாசிப் பேர் அதற்கு முன்பே மாறிவிடுவதால் அந்த 600 பேப்பரில் உள்ள எண். குறிப்பிட்ட காலத்துக்கென்று ஒப்பந்தத்தில் எடுத்திருந்தால், 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டிக்கு உரிமை உண்டு. எச்.ஆர். தானாக வந்து இதைச் சொல்ல மாட்டார்.

எண்ணைப் பார்ப்பதற்கு முன் லெட்டர்ஹெட்டைப் பாருங்கள். இன்டர்வியூ நடத்தியது பெரிய ஃபைனான்ஸ் கம்பெனி, ஆஃபர் லெட்டர் வந்தது ஏதோ மேன்பவர் ஏஜென்சி பெயரில் என்றால் நீங்கள் ஆஃப் ரோல், அதாவது கம்பெனியின் நேரடி ஊழியர் இல்லை. இரண்டு வருஷம் கழித்து அடுத்த இடத்தில் வெரிஃபிகேஷன் செய்யும்போது அந்த ஏஜென்சி பெயர்தான் வரும். ஆன் ரோலுக்கும் ஆஃப் ரோலுக்கும் மாசம் ஆயிரம் இரண்டாயிரம்தான் வித்தியாசம் என்றால் குறைந்த சம்பளத்துக்கு ஆன் ரோலில் சேருவது நல்லது.

நகைக்கடன் கிளை

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, டி.எச். ரோடு, பெரம்பூர் என்று எங்கே திரும்பினாலும் மாடியில் ஒரு நகைக்கடன் போர்டு. ஆள் எப்போதும் தேவைப்படும் வேலை; ஃபிரெஷரை எடுப்பார்கள்; வீட்டுக்குப் பக்கம். மூன்று நாலு வருஷத்தில் கிளை மேனேஜர் ஆகவும் வாய்ப்பு உண்டு. ஏ.சி.யில் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று வெளியிலிருந்து பார்த்தால் குறை சொல்ல எதுவுமில்லை.

உள்ளே நடப்பது இது. பார்ட்டி ஒரு சங்கிலியை நீட்டுகிறார். வெளியே நாலு பேர் வரிசையில். கொக்கியை மட்டும் உரைகல்லில் தேய்த்து ஆசிட் விட்டுப் பார்த்தால் 22 கேரட் காட்டும், ஏனென்றால் கொக்கி நிஜத் தங்கம். நடுச்சங்கிலி வெள்ளியில் கெட்டி முலாம். அதனால்தான் பழைய அப்ரைசர்கள் (நகை மதிப்பீட்டாளர்கள்) குறைந்தது மூன்று இடத்தில் தேய்ப்பார்கள்: கொக்கி, நடு, பெண்டன்ட் கோக்கும் வளையம். கெட்டி முலாம் என்றால் லேசான தேய்ப்பு மேல்பூச்சையே காட்டும்; சந்தேகம் வந்தால் பார்ட்டியிடம் கேட்டு அரத்தால் ஒரு கீறல் போட்டுத்தான் உள்ளே என்ன என்று பார்க்க முடியும். வளையலுக்குள் அரக்கு இருக்கும். கல் வைத்த நகையில் கல்லின் எடையைக் கழிக்க வேண்டும். மொத்த எடை 24 கிராம், கல்லுக்கும் அரக்குக்கும் 5 கிராம் கழித்திருக்க வேண்டிய இடத்தில் 2 கிராம் கழித்தால் அந்த 3 கிராமுக்கு இல்லாத தங்கத்துக்குக் கடன் கொடுத்துவிட்டோம். இதை ஒழுங்காகச் செய்ய ஒரு நகைக்குப் பத்து நிமிஷமாவது வேண்டும். 'பார்ட்டியை உட்கார வைக்காதே, பத்தே நிமிஷத்தில் கடன்' என்பது கம்பெனி விளம்பரம். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் கே.ஒய்.சி., போட்டோ, எடை, சோதனை, என்ட்ரி, பணம் எல்லாம் அடக்கம்.

கடன் அளவும் இப்போது மாறியிருக்கிறது. முன்பு நகை மதிப்பில் 75 சதவீதம் என்று ஒரே உச்சவரம்பு. ரிசர்வ் வங்கியின் 2025 ஜூன் விதிகள் 2026 ஏப்ரல் முதல் 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு 85, ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என்று வைக்கின்றன. மதிப்பு போடுவது 30 நாள் சராசரி, முந்தைய நாள் விலை இரண்டில் எது குறைவோ அதை வைத்து. வட சென்னைக் கிளைகளில் வரும் கடன்களில் பெரும்பகுதி சின்னத் தொகைதான், அதாவது 85 சதவீத வரம்புக்குள். எடையில் விடும் சின்னத் தப்பைத் தாங்கிக்கொள்ள முன்பு 25 சதவீத இடைவெளி இருந்தது, இப்போது 15. அப்ரைசல் செய்பவருக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஏனென்றால் ஆடிட் வரும். பாக்கெட்டுகளைப் பிரித்து மறுபடியும் தேய்ப்பார்கள். போலி சிக்கினால் அதற்குத் துறைக்குள் பெயர் 'ஸ்பூரியஸ்'. பார்ட்டியின் போன் அதற்குள் ஸ்விட்ச் ஆஃப். பல இடங்களில் அந்தத் தொகையை அப்ரைசல் செய்தவர், மேனேஜர், இரண்டாவது சாவி வைத்திருப்பவர் என்று மூன்று பேருக்குப் பிரித்துச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்றால், ஊழியரின் அலட்சியத்தால் நேரடியாக வந்த நஷ்டத்தைத்தான் பிடிக்கலாம். பிடிக்கும் முன் அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. மூன்று பேருக்குச் சமமாகப் பங்கு போடுவது என்றாலே யார் அலட்சியம் என்று யாரும் விசாரிக்கவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது சாவி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் சேர்ந்தால்தான் திறக்கும். சேர்ந்த சில வாரத்திலேயே புதுப் பையன் கையிலோ பெண் கையிலோ 'உனக்குப் பொறுப்பு கொடுக்கிறோம்மா' என்று ஒரு சாவியைக் கொடுப்பார்கள். பெருமையாகத்தான் இருக்கும். வாங்குவதற்கு முன் சிஸ்டத்தில் உள்ள லிஸ்டை பிரின்ட் எடுத்து உள்ளே இருக்கும் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள், சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள், குறை இருந்தால் ஒப்படைப்பு ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 'அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்' என்று மேனேஜர் சொன்னால் அந்தக் கிளையின் கல்ச்சருக்கு ரிவ்யூ எழுதி முடித்தாயிற்று.

இன்சென்டிவ் பற்றி ஒரு வரி. டார்கெட்டில் 90 சதவீதம் தொட்டால் முழு இன்சென்டிவ், 89 என்றால் பூஜ்யம் என்று கதவு வைத்த திட்டங்களே அதிகம். கூடவே இன்ஷூரன்ஸ் பாலிசி விற்கும் டார்கெட்டும் வரும். அதில் முதல் மூன்று பாலிசி பெரியம்மா, சித்தப்பா, மாமா பெயரில் போய்விடும்.

சம்பளத்துக்கு ஐந்தில் மூன்று. கல்ச்சர் கிளையைப் பொறுத்து ஒன்றிலிருந்து நான்கு வரை. கற்றுக்கொள்ளும் தொழில் நிஜமானது. ஆனால் வெளியே அதன் சந்தை குறுகியது. பொதுத்துறை வங்கிகளில்கூட நகை மதிப்பீட்டாளர் பெரும்பாலும் கமிஷன் ஆள்தான்.

வசூல்

இங்கே இன்டர்வியூவில் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் கிடையாது, 'எந்த பக்கெட்?' என்பதுதான். 30 நாள் வரை பாக்கி இருப்பது முதல் பக்கெட், 31 முதல் 60 இரண்டாவது, 61 முதல் 90 மூன்றாவது. 90 தாண்டினால் என்.பி.ஏ., அதாவது வாராக்கடன். முதல் பக்கெட்டில் மறந்துபோனவர்கள், சம்பளம் தள்ளிப்போனவர்கள்தான் அதிகம்; ஒரு போனில் காசு வரும். மூன்றாவது பக்கெட்டில் வண்டியும் இருக்காது, வீடும் மாறியிருக்கும். புது ஆளுக்கு மூன்றாவதைக் கொடுத்து, முதல் பக்கெட் இன்சென்டிவ் தொகையைக் காட்டி ஆள் எடுப்பது சகஜம்.

ஏரியாவையும் கேளுங்கள். காசிமேடு, திருவொற்றியூர் குப்பங்கள் உங்கள் ரூட்டில் இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில், வலை பின்னும் வேலைதான், வருமானம் கிடையாது. அதே நேரத்தில் பள்ளி திறக்கும் செலவு. இந்த இரண்டு மாசத்துக்கு டார்கெட்டைக் குறைக்கிறார்களா, தவணையைத் தள்ளிவைக்க வழி வைத்திருக்கிறார்களா என்று நேராகக் கேளுங்கள். 'டார்கெட் எல்லா மாசமும் ஒன்றுதான்' என்று பதில் வந்தால் அந்தக் கம்பெனிக்கு ஏரியாவும் தெரியாது, ஆளின் அருமையும் தெரியாது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்து எண்ணூர் பக்கம் மாசக்கணக்கில் பிழைப்பு கெட்டபோது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

மாதக் கடைசி இரவு வாட்ஸ்அப் குரூப்பில் பெண்டிங் லிஸ்ட் வரும், பெயரோடு. அப்புறம் போன்: 'என்னப்பா, இன்னும் நாலு கேஸ்தானே, நீ கட்டிடு, காலைல பார்ட்டிகிட்ட வாங்கிக்கோயேன்.' சதவீதக் கதவைத் தாண்டுவதற்காகச் சொந்தக் காசில் இரண்டு இ.எம்.ஐ. கட்டுவது இந்த வேலையில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத பழக்கம். 3,000 இன்சென்டிவுக்காக 4,600 கட்டி, அதில் பாதிகூடத் திரும்ப வராமல் போனவர்கள்தான் ஆறு மாசத்தில் பர்சனல் லோன் ஆப்பைத் தேடுகிறார்கள். அதில் ஒரு தவணை தவறினால் சிபில் (கடன் மதிப்பெண்) விழும். பின்னால் பேங்க் வேலைக்குப் போகும்போது இது முட்டுக்கட்டை, ஐ.பி.பி.எஸ். தேர்வில் ஜெயித்தாலும் சேரும்போது கடன் வரலாறு சுத்தமாக இருக்க வேண்டும்.

விதிகள் உங்களைக் காப்பாற்றவும் இருக்கின்றன. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடன்காரருக்குப் போன் போடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. ஏஜென்சி வழியாகப் போனால் டி.ஆர்.ஏ. (கடன் வசூல் முகவர்) சான்றிதழ் வேண்டும், பட்டதாரிக்கு 50 மணி நேரப் பயிற்சி. மைக்ரோ பைனான்ஸில் ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. கட்டாய வசூலுக்கு எதிராக 2025-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமும் கொண்டுவந்திருக்கிறது. மேனேஜர் 'வீட்டு வாசலில் போய் உட்கார்' என்று போனில் சொல்வார். கேஸ் என்று வந்தால் வாசலில் உட்கார்ந்தவர் பெயர்தான் எஃப்.ஐ.ஆரில் இருக்கும். அதனால் அந்த மாதிரி உத்தரவை மெசேஜாக அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மாட்டார்கள், பிரச்னையும் அதோடு தீர்ந்துவிடும். கையில் வாங்கும் காசுக்கு அந்த இடத்திலேயே ஆப்பில் ரசீது, அன்றைக்கே டெபாசிட். ஒரு ராத்திரிகூட வீட்டில் வைக்கக்கூடாது.

பாரிமுனை

தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு மாடிகளில் இருக்கும் ஆடிட்டர் ஆபீஸ்களும் கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸ்களும் சம்பளத்தில் அடிமட்டம். ஏ.சி. ஓடும்போது ஃபேனை நிறுத்தச் சொல்வார்கள். ஆனாலும் இந்த ரிவ்யூவில் அதிக மார்க் இவர்களுக்குத்தான் போகிறது. காரணம் கடைசியில் கையில் நிற்கும் தொழில்.

மாசத்தின் தேதிகளே வேலையைச் சொல்லிக்கொடுத்துவிடும். 7-ம் தேதிக்குள் டி.டி.எஸ். (பிடித்த வருமான வரி) கட்ட வேண்டும், 11 ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனை விவரம்), 14-ல் 2பி (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) வந்துவிடும், 15 பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., 20-ல் 3பி (ஜி.எஸ்.டி. கட்டும் ரிட்டர்ன்). ஒரு வருஷம் இதை இருபது கிளையன்ட்டுக்குச் செய்தவர் எந்தக் கம்பெனி அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கும் நேராகப் போய் உட்காரலாம். 2பி-யையும் பர்சேஸ் ரெஜிஸ்டரையும் ஒப்பிட்டு எந்த சப்ளையர் பில் ஏற்றவில்லை என்று கண்டுபிடித்து, அவருக்குப் போன் போட்டு ஏற்ற வைப்பதுதான் உண்மையான திறமை. டாலியில் என்ட்ரி போடுவதை யாரும் கற்றுக்கொள்ளலாம்.

நஷ்டக் கேள்விக்கு இங்கே பதில்: 3பி லேட்டானால் நாளுக்கு 50 ரூபாய், டி.டி.எஸ். ரிட்டர்ன் லேட்டானால் நாளுக்கு 200. கிளையன்ட் பேப்பர் தாமதமாகக் கொடுத்தாரா, ஆபீஸில் மறந்தார்களா என்று பார்த்து கிளையன்ட்டோ ஆபீஸோ கட்டுவது நல்ல ஆபீஸ். அசிஸ்டன்ட் சம்பளத்தில் கழிப்பது கெட்ட ஆபீஸ். அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி, கிளையன்ட்டிடமிருந்து பேப்பர் வந்த தேதியை எழுதும் ரெஜிஸ்டர் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பது. ரெஜிஸ்டர் இல்லாத இடத்தில் தப்பு எப்போதும் கடைநிலை ஆளுடையதுதான்.

செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட், அக்டோபர் 31 ரிட்டர்ன் என்பதால் அந்த இரண்டு மாசம் இரவு பத்து மணி வரை போகும், ஓ.டி. கிடையாது. சி.ஏ. படிக்கிறவர்களுக்கு ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் பயிற்சி) இப்போது இரண்டு வருஷம். அங்கே ஸ்டைபண்டைப் பார்த்துச் சேரக்கூடாது, பரீட்சை லீவு கொடுக்கிறார்களா என்று சீனியர் ஆர்ட்டிகிளிடம் டீக்கடையில் வைத்துக் கேட்க வேண்டும்.

கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸில் ஒரு வசதி: பரீட்சை எழுதாத ஊழியருக்கான ஹெச் கார்டில் (கஸ்டம்ஸ் அடையாள அட்டை) உதவியாளராகச் சேர்ந்து, பரீட்சை எழுதி ஜி கார்டு வாங்கினால் சம்பளம் பேசும் இடமே மாறும். அக்கவுண்ட்ஸ் தெரிந்த ஜி கார்டு ஆள் ராஜாஜி சாலையில் அரிது. பி.காம். ஆட்கள் ஏனோ இந்தப் பக்கமே பார்ப்பதில்லை. நஷ்டம் என்றால் இங்கே டெமரேஜ், அதாவது சரக்கு எடுக்கப்படாமல் நிற்பதற்கான கட்டணம். கன்டெய்னர் யார் தப்பால் நின்றது என்று பார்ட்டியும் ஏஜென்ட்டும் மோதிக்கொள்வார்கள். கிளார்க் தலையில் அது வருவது குறைவு.

ஓ.எம்.ஆர். பேக் ஆபீஸ்

ஃபண்ட் அக்கவுண்டிங், ரெக்கன்சிலியேஷன், இன்வாய்ஸ் பிராசசிங். தப்பு நடந்தால் 'எரர் லாக்'கில் பதிவாகும், நஷ்டத்தைக் கம்பெனி தாங்கும், உங்கள் ரேட்டிங் குறையும். சொந்தப் பாக்கெட்டில் கை வைக்காத கல்ச்சர்; அதற்கு முழு மார்க். கஷ்டமெல்லாம் வழியில்தான். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு சென்ட்ரல் வரை சுகம். அங்கிருந்து பார்க் டவுன் போய் பறக்கும் ரயிலில் தரமணி, அப்புறம் பஸ் அல்லது ஷேர் ஆட்டோ. யு.எஸ். ஷிஃப்ட்டுக்கு கேப் வரும். மோசமானது யு.கே. ஷிஃப்ட்: மதியம் ஒன்றரைக்கு ஆரம்பித்து இரவு பத்தரைக்கு விட்டால் கடைசி மெட்ரோவைப் பிடிப்பது அதிர்ஷ்டம். வடக்கே எதுவரை கேப் வரும் என்று ஆஃபரில் எழுதி வாங்குங்கள். பல ரூட் சென்ட்ரலோடு நின்றுவிடும்.

வசூல், பாரிமுனை, ஓ.எம்.ஆர். மூன்றையும் மணிக்கணக்கில் பார்க்கலாம், மாதிரி எண்களை வைத்து. வசூல் வேலையில் கைக்கு 17,900, கம்பெனி கொடுப்பதற்கு மேல் பெட்ரோலுக்கு 2,000 போனால் 15,900. 26 நாள், பயணத்தோடு 11 மணி நேரம் என்றால் 286 மணி, மணிக்கு 56 ரூபாய். பாரிமுனை 16,000, பஸ்ஸுக்கு 1,000 போக 15,000; 25 நாள், 10 மணி நேரம், மணிக்கு 60. ஓ.எம்.ஆர். 24,000, போக்குவரத்துக்கு 3,500 போக 20,500. 22 நாள், 9 மணி வேலை 4 மணி பயணம், அதுவும் 286 மணி, மணிக்கு 72. மாசத்துக்கு 8,000 என்று தெரிந்த வித்தியாசம் மணிக்கு 12 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. ஆனால் ஓ.எம்.ஆரில் இரண்டு நாள் லீவு இருக்கிறது, சி.எம்.ஏ. அல்லது எம்.பி.ஏ. படிக்கிற ஆளுக்கு அதன் மதிப்பு தனி. பல்லாவரத்திலோ வேளச்சேரியிலோ ஹாஸ்டல் எடுத்தால் கணக்கே மாறும், வாடகையும் சாப்பாடும் அந்த 8,000-த்தைத் தின்றுவிடும்.

பேங்க் எக்ஸாம்

கிளார்க் ஆரம்ப பேசிக் 24,050, டி.ஏ., வாடகைப்படி எல்லாம் சேர்ந்து 35,000-ஐத் தாண்டும். ஆபீசர் பேசிக் 48,480. வயது கிளார்க்குக்கு 20 முதல் 28, ஆபீசருக்கு 30 வரை, இடஒதுக்கீட்டுத் தளர்வு தனி. கேஷ் கவுண்டரில் குறைந்தால் இங்கேயும் காசாளர்தான் கட்ட வேண்டும்; அதில் யாரும் ஏமாற வேண்டாம். வித்தியாசம் என்னவென்றால் விசாரணைக்கு ஒரு முறை இருக்கிறது, யூனியன் இருக்கிறது. கிளார்க் மாநிலத்துக்குள், ஆபீசர் இந்தியா முழுக்க. ஆபீசர் வேலைக்குப் பல வங்கிகள் பாண்ட் வாங்குகின்றன. மூன்று வருஷத்துக்குள் விட்டால் 2 லட்சம் என்ற ஒரு பாண்டு செல்லும் என்று 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பதானால் பாரிமுனை சரிப்படும், செப்டம்பர், அக்டோபர் தவிர. வசூல் வேலையில் இருந்துகொண்டு படித்து ஜெயிப்பது ரொம்பச் சிலரால்தான் முடியும்.

சவுகார்பேட்டை வட்டிக்கடைகளிலும் சீட்டுக் கம்பெனிகளிலும் வேலை இருக்கிறது. பதிவு செய்த சீட்டு என்றால் 1982 சட்டத்தின் கீழ், நடத்துபவர் கமிஷன் 7 சதவீதத்துக்குள். பதிவு செய்யாத இடத்தில் கலெக்‌ஷன் ஏஜென்ட்டாகப் போகவே வேண்டாம். முதலாளி ஓடினால் ஏரியாக்காரர்கள் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

சேரும்போதும் விலகும்போதும்

ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்டால் காட்டிவிட்டு வாங்கி வந்துவிடுங்கள், ஜெராக்ஸ் போதும். கையெழுத்துப் போட்ட வெற்று செக், செக்யூரிட்டி டெபாசிட் கேட்கிற இடத்துக்கு எவ்வளவு சம்பளம் என்றாலும் போகாதீர்கள். நஷ்டம் யார் தலையில் என்ற கேள்விக்கு முதல் நாளே எழுத்தில் பதில் வந்துவிட்டது. நோட்டீஸ் பீரியட் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றா என்று பாருங்கள்: நீங்கள் போனால் 60 நாள், அவர்கள் அனுப்பினால் 7 நாள் என்று எழுதியிருக்கும் லெட்டர்கள் நிறையச் சுற்றுகின்றன. கிளைக்கு மாலை ஆறரைக்கு ஒரு தடவை போய் நின்று பாருங்கள். பழைய ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், எல்லாருமே ஒரு வருஷத்துக்குள் சேர்ந்தவர்களா என்று செக்யூரிட்டி அண்ணனிடம் கேட்டால் எச்.ஆரைவிடச் சரியாகச் சொல்வார்.

சேர்ந்த மூன்றாவது மாசம் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து இரண்டு பங்கும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிடித்துவிட்டுக் கட்டாத இடங்கள் உண்டு. பழைய யு.ஏ.என். (பி.எஃப். நிரந்தர எண்) இருந்தால் அதையே கொடுங்கள், புது நம்பர் வாங்கினால் பின்னால் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ராஜினாமாவை மெயிலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். புதிய தொழிலாளர் சட்டப்படி கடைசி வேலை நாளிலிருந்து இரண்டு வேலை நாளுக்குள் சம்பளக் கணக்கை முடிக்க வேண்டும். நடைமுறையில் இன்னும் 45 நாள் என்று சொல்லும் இடத்தில் தேதியைக் குறிப்பிட்டு மெயில் போட்டு வையுங்கள். ரிலீவிங் லெட்டர் கையில் வராமல் புது இடத்தில் சேராதீர்கள். நகைக்கடன் கிளையிலிருந்து போகிறவர்கள் சாவியை ஒப்படைத்த அன்றைக்குப் பாக்கெட் எண்ணிக்கையோடு ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கி, அந்தப் பக்கத்தின் நகலையும் வாங்கிக்கொள்ள வேண்டும். நீங்கள் போன பிறகும் ஆடிட் வரும்; அப்போது யார் பெயரை எழுதுவது என்று அங்கே கொஞ்ச நேரம்தான் யோசிப்பார்கள்.